பாதாம் மரத்துக்குக் கட்டிய சாக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தள்ளுவண்டியில் இட்லி, தோசை, பூரி போட்டு விற்கிறவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் சட்னிகூட விற்காது. இந்த வாயாலும் இந்தக் கையாலும் நான் ஒரு மரத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். அதைப் பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். அடக்கமாக எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் ஸ்டாண்டு ஒரு பாதாம் மரத்தின் கீழே இருக்கிறது. பக்கத்து லாட்ஜின் காம்பவுண்டு ஓரத்தில் நிற்கிற மரம். அடுக்கடுக்காகக் கிளை விட்டு, ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தையல் இலை அளவுக்கு இருக்கும். அதன் நிழலில் ஆட்டோக்கள் வரிசையில் நிற்கும். தாயாரைச் சேவித்துவிட்டு வருகிற ஜனம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலுக்கும் போக அங்கேதான் வந்து நிற்கும். என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் ஒரு ஆட்டோக்காரர். என் வண்டி மரத்தின் அடியோடு ஒட்டி நிற்கும். நகரியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் போட்ட கடை. மரம் லாட்ஜ் ஓனருடையது, இடமும் அவருடையது. "மரம் கீதேன்னு உட்டு வச்சிருக்கேம்மா. மரம் இல்லேன்னா இங்க கஸ்டமர் கார் நிக்கும்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, மரம் போனால் என் கடை போச்சு. இதில் மூடிமறைக்க ஒன்றுமில்லை.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்த கையோடு என் தார்ப்பாய் மேல் படபடவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூறல் என்று நினைத்தேன். கையை நீட்டினால் ஈரம் இல்லை. கறுப்புக் கறுப்பாக, மிளகு மாதிரி உருண்டைகள் விழுந்துகொண்டிருந்தன. அன்றைக்கென்று பார்த்து வெண்பொங்கல் போட்டிருந்தேன். ஒருவர் தட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்கு மிளகு தூக்கலா கீதே" என்றார். நான் அந்தத் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறு தட்டு கொடுத்தேன். அவருக்கு இன்றுவரைக்கும் காரணம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அண்ணாந்து பார்த்தால் இலைகளில் ஓட்டை. நாலைந்து நாளில் ஓட்டையும் இல்லை, நடு நரம்பு மட்டும் தொங்கியது. கம்பளிப்புழு. மலைக்கு வந்தவர்கள் மொட்டை போட்டுக்கொள்வது சரி, எங்கள் மரம் யாருக்கு வேண்டிக்கொண்டது என்று ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எல்லாம் ஒரு மொட்டைத்தலைக்காரர் வரும் வரைக்கும்தான்.

அவர் குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி, அதே லாட்ஜில் ரூம் எடுத்திருந்தவர். புது மொட்டை, மேலே குளுகுளுவென்று சந்தனம். மரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றார். மேலேயிருந்து ஒரு புழு நேராக அந்த மொட்டையில் இறங்கியது. சந்தனம் காய்ந்து பொருக்காகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், உள்ளங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். "கோவிந்தா!" என்று அவர் போட்ட கூச்சலில் கோயில் வாசலில் இருந்தவர்கள் பதிலுக்குக் கோவிந்தா போட்டார்கள். தலை ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பியது. பூரி என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது. பிசைந்து வைத்த மாவை உருட்டி, அந்தத் தலையில் ஒத்தி ஒத்தி எடுத்தேன். முள் முள்ளாக ரோமம் எல்லாம் மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவர் அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டார். அவர் மனைவி லாட்ஜுக்குப் போய் ஓனரைக் கிழிகிழி என்று கிழித்தாள்.

ஓனர் வெளியே வந்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செட்டு கொட்டேயாலி" என்றார். மரத்தை வெட்டியாகணும் என்று அர்த்தம்.

என் வாய் சும்மா இருக்குமா? "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருத்தன், அந்தக் கதையால்ல கீது! புழு வந்துச்சின்னா புழுவைக் கொல்லு சார், மரம் உன்னை இன்னா பண்ணுச்சி?" என்றேன்.

"எப்படிக் கொல்றது? மந்து அடிச்சா உன் சட்னிலதான் விழும். பரவால்லையா?"

மந்து என்றால் மருந்து. அது சரியான கேள்விதான். கீழே ஜனம் உட்கார்ந்து தின்கிற இடத்தில் மேலே விஷத்தைத் தெளிக்க நானே விடமாட்டேன். "தீபாவளி வரைக்கும் டைம் குடு சார். அதுக்குள்ள ஒரு புழு இல்லாம பண்றேன். இல்லேன்னா நீ வெட்டிக்கோ, நானே வண்டிய தள்ளிக்கினு போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எப்படிச் செய்யப் போகிறோம் என்றே யோசித்தேன்.

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருத்தன் வேஸ்ட் ஆயிலை வேரில் ஊற்றலாம் என்றான். இன்னொருத்தன் துணிப்பந்தத்தை டீசலில் முக்கிக் கொளுத்தி மரத்தில் தேய்க்கலாம் என்றான். நகரியில் எங்கள் அம்மா வீட்டு முருங்கையை அப்படித்தான் தேய்த்தார்கள். புழு செத்தது, பின்னாலேயே பட்டை வெந்து மரமும் செத்தது. "யாராவது பந்தம் கிந்தம்னு கிட்ட வந்தீங்க, கரண்டிய காய வச்சி இழுத்துடுவேன்" என்றேன். அதற்குப் பிறகு யோசனை சொல்ல ஒருவரும் வரவில்லை.

ஆட்டோக்காரர்கள் வருவார்கள், போவார்கள். நான் விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கிறது முதல் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்த மரத்தடியிலேயே கிடப்பவள். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது. பொழுது விடிகிற நேரத்தில் புழுக்கள் கிளைகளை விட்டுக் கீழே இறங்கி வந்தன. வந்து, வெயில் படாத பக்கமாக அடிமரத்தில் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டன. பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. கையை வைத்தால்தான் தெரியும், வைத்தால் கை போச்சு. பகல் முழுக்க அங்கேயே தூங்கிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் வரிசையாக மேலே ஏறின. மேலேதான் அவர்களுக்குச் சாப்பாடு. காலையில் ரூமுக்கு வந்து படுத்து, ராத்திரியில் சாப்பிடப் போகிற லாட்ஜ் கஸ்டமர்கள்!

ஏறுகிற வழியை அடைத்துவிட்டால்?

என் வண்டிக்கால்களில் நான் எப்போதும் கிரீஸ் தடவி வைத்திருப்பேன். மாவுக்கும் சர்க்கரைக்கும் எறும்பு வராமல் இருக்க. வீட்டுக்காரரின் ஆட்டோ டப்பாவிலிருந்து எடுப்பதுதான். எறும்பு அதைத் தாண்டாது. அதே வேலையை மரத்துக்குச் செய்தால் என்ன? ஆனால் பட்டையில் நேராகக் கிரீஸ் பூச மனம் ஒப்பவில்லை. மரத்துக்கும் தோல் தோல்தானே. ஒரு அரிசிச் சாக்கைக் கிழித்து, தலை உயரத்துக்கு மேலே அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கட்டினது நட்ட நடுப்பகலில், புழு எல்லாம் கீழே தூங்குகிற நேரத்தில். சாக்கின் மேல் கிரீஸை நன்றாக அப்பினேன். வீட்டுக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏமே, ஆட்டோவுக்குப் போட வச்சிருந்தத எல்லாம் மரத்துக்குப் பூசிட்டியே" என்றார்.

"உன் ஆட்டோ இலை உடப் போவுதா? புடிய்யா ஒயுங்கா" என்றேன்.

அன்று சாயங்காலம் நான் கடையைக் கட்டாமல் நின்று பார்த்தேன். புழுக்கள் கிளம்பின. வரிசையாக ஏறின. சாக்குக்குக் கீழே வந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. இடது பக்கம் போயின, வலது பக்கம் போயின. ஒன்றாலும் தாண்ட முடியவில்லை. மலைக்கோயில் பெரிய வாசலில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட கும்பல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. நான் தலையோடு முந்தானையைப் போட்டு முகத்தை மூடி, கைக்குப் பால் கவரை மாட்டிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளினேன். அடுத்த நாளும் தள்ளினேன். அதற்கடுத்த நாளும். மேலேயிருந்து இறங்கி வந்து சாக்குக்கு மேல் பக்கம் நின்றவற்றையும் விடவில்லை. மிளகு மழை குறைந்தது. கிளை நுனியில் பச்சையாகத் துளிர் எட்டிப் பார்த்தது. ஸ்டாண்டுக்காரர்கள் என்னை 'புழு டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் வெளியே முறைத்தாலும் உள்ளே எனக்குச் சந்தோஷம்தான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அண்ணன் தம்பிகளுக்கு நகரியில் விசைத்தறி இருக்கிறது. தறிக்குப் பூஜை போடுகிற நாளில் நான் அங்கே போய்விடுவது வழக்கம். அந்த வருஷமும் போனேன். இரண்டொரு நாள் தங்கினேன். திரும்பி வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டாண்டை நோக்கி நடக்கும்போதே என் கால் நின்றுவிட்டது.

மரத்தின் இரண்டு பக்கமும் வாழைமரம்! தாரும் பூவுமாக, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கயிறு போட்டு அடிமரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என் சாக்கு வாழைக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருந்தது. வாழையின் அடி தரையில். அதன் இலை கிளைக்குள். புழுக்கள் வாழைத்தண்டு வழியாக, கிரீஸ் வாசனைகூடத் தெரியாமல், சுகமாக ஏறிப் போயிருந்தன. மேலே துளிர்த்தது எல்லாம் காலி.

ஆட்டோக்கள் மின்னின. சக்கரத்தில் சந்தனம், கண்ணாடியில் சாமந்தி மாலை. என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். "எப்டி கீது? வடமாலப்பேட்டைத் தோட்டத்துல போயி நானே வெட்டிக்கினு வந்து கட்டினேன். உன் மரத்துக்குத்தான் பெருசு" என்றார்.

நான் பையைக் கீழே போட்டேன்.

"உன் தலை! புழுவுக்கு ஃப்ளைஓவர் கட்டி வச்சிருக்கியே! கீழ டிராபிக் ஜாம்னு மேல வழி உட்டுட்டியா? சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கினு பல்ல காட்டிக்கினு கீறியே, மனுசனா நீ?"

அவர் அண்ணாந்து பார்த்தார். வாழைத்தண்டைப் பார்த்தார். ஒரு புழு அவர் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. எனக்குத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

வாழையை அவிழ்க்கச் சொன்னால் ஒருவரும் கை வைக்கவில்லை. பூஜை போட்டுக் கட்டியதை அது காய்வதற்கு முன்னால் பிய்த்தால் வண்டிக்கு ஆகாது என்று பயம். எங்கள் ஸ்டாண்டில் வயதில் மூத்த ஆட்டோக்காரர், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், அவரே தலையைச் சொறிந்தார். "அம்மா, சாமி குத்தமாயிடப் போவுது." நான் கற்பூரம் ஒன்று கொளுத்தி மரத்துக்குக் காட்டினேன். "தாயே, உன் வாழை உன் மரத்தைத் துன்னுது. மன்னிச்சிக்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து நானே அறுத்தேன். இரண்டு வாழையையும் தெருவில் நின்ற மாடுகள் சந்தோஷமாகத் தின்றன. ஒரு குத்தமும் ஆகவில்லை.

ஆனால் மேலே ஏறியவை ஏறியவைதான். அவற்றில் பாதி கீழே இறங்கவே இல்லை, மேல் கிளைகளிலேயே தங்கிவிட்டன. என் துடைப்பத்துக்கு எட்டாத உயரம். தீபாவளி நெருங்கியது. நான் சொன்ன சொல் என் கழுத்தில் தொங்கியது. தீபாவளிக்கு மறுநாள் காலை, ஓனர் மரம் வெட்டுகிற ஆளோடு வந்தார். அந்த ஆள் கயிறு, அரிவாள், ரம்பம் எல்லாம் கொண்டு வந்திருந்தார்.

நான் வண்டிக்கு முன்னால் நின்றேன். சண்டை போடத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் என்ன சொல்லிப் போடுவது? சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள் நான்தானே. ஆயுசில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த ஆள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். மேல் கிளையில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார்.

"நேனு எக்கனு" என்றார். நான் ஏறமாட்டேன் என்றார். "முதல்ல புழுவ எடுங்க. அப்பறம்தான் ஏறி வெட்டுவேன்."

ஓனர் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி, "புழுவ எடுங்கப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோவிலிருந்து குதித்தார். வாழை கட்டின நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுக்காமல் திரிந்த மனிதர், ஆட்டோவின் மழைப் படுதாவைக் கழற்றி மரத்தடியில் விரித்தார். பின்னாலேயே மற்றவர்களும் அவரவர் படுதாவைக் கழற்றினார்கள். ரோட்டில் ஜனம் ஆட்டோ ஆட்டோ என்று கையைக் காட்டுகிறது. ஒருத்தன் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் ஒரு ஆளை முந்திக்கொண்டு ஏற்றினால் சட்டையைப் பிடித்துக்கொள்கிற ஜாதி இவர்கள். அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு மூங்கில் கழியில் துடைப்பம் கட்டினார்கள். இரண்டு பேர் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி, முழுக்கைச் சட்டை போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு மரம் ஏறியவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளையை உலுக்கினார்கள். படுதாவில் புழு தொப்புத் தொப்பென்று விழுந்தது. நான் வழித்து வழித்து வாளியில் போட்டேன். எல்லாரும் சொறிந்தார்கள், எல்லாரும் கெட்ட வார்த்தை பேசினார்கள், ஒருத்தரும் நிறுத்தவில்லை. அந்தக் காலையில் அவர்களைப் பார்த்து எனக்கு வந்த பெருமை, என் பிள்ளைகள் பரீட்சையில் பாஸானபோதுகூட வந்ததில்லை.

வெயில் ஏறுவதற்குள் மேலே ஒன்றும் நெளியவில்லை. வெட்டுகிற ஆள் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "இப்ப ஏறலாம்" என்று கயிற்றை எடுத்தார்.

எனக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

"எதுக்கு?" என்றேன்.

"வெட்டத்தான்."

"எதுக்கு வெட்டணும்?"

அவர் ஓனரைப் பார்த்தார். ஓனர், "புழு கீதுன்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"எங்க கீது புழு? காட்டு சார். புழு இருந்தா இவரால ஏற முடியாது. புழு இல்லேன்னா வெட்ட வேண்டியதில்லை. எப்ப வெட்டுவே நீ?"

ஸ்டாண்டே சிரித்தது. வெட்டுகிற ஆளும் சிரித்துவிட்டார். ஓனர் கழுத்தைச் சொறிந்தார். அவர் மேலும் ஒன்று விழுந்திருக்க வேண்டும். கடைசியில், "போனிலேம்மா, போவட்டும், உன் வாயோட யாரு மல்லுக்கட்டறது" என்று உள்ளே போய்விட்டார். மரம் வெட்ட வந்தவர் என்னிடம் பூரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கார்த்திகை பிரம்மோற்சவத்துக்கு ஜனம் வந்தபோது மரம் பாதிக்குப் பாதி துளிர்த்திருந்தது. தையில் முழு நிழல். அடுத்த புரட்டாசி வருவதற்கு முன்னாலேயே புதுச் சாக்குக் கட்டிவிட்டேன். புழு வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் கொஞ்சம்தான், அதுவும் சாக்குக்குக் கீழேயே நின்றது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் நகரிக்குப் போகவில்லை. "தறிக்கு நீங்களே சூடம் காட்டுங்கடா, எனக்கு இங்க காவல் வேலை கீது" என்று தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டேன். காவலுக்கு அவசியமே இல்லை. வாழைக்கன்றுகளை ஆட்டோக்களில்தான் கட்டியிருந்தார்கள், மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சிகூட வைக்கவில்லை. பூஜை நேரத்தில் ஸ்பானர், ஜாக்கி, டூல் பாக்ஸ் எல்லாம் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் கிரீஸ் சாக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "இதுவும் ஆயுதந்தானே" என்றார். பெரியவர் திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் ஸ்டாண்டில் அதுவரைக்கும் ஒரு பொம்பளை பூசணி உடைத்ததில்லை. "நீ ஒடைம்மா" என்றார். மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கி அடித்தேன். குங்குமத் தண்ணீர் லாட்ஜ் வாசல் வரைக்கும் தெறித்தது. ஓனர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை முடிந்து நான் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, லாட்ஜிலிருந்து ஒரு மொட்டைத்தலைக் குடும்பம் இறங்கி வந்து மரத்தடியில் நின்றது. அந்த அம்மா சாக்கையும் அதன் பொட்டையும் பார்த்துவிட்டு, ஓனரிடம் திரும்பி, "யாரோட மரங்க இது?" என்று கேட்டாள்.

ஓனர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆமெதி" என்றார். அவளோடது.

கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது. அன்றைக்கு அதற்காக நான் யாரையும் திட்டவில்லை.